கால் தாழ்கிறதா, தலை கவிழ்கிறதா? செலவு குறைந்த டிரிம் எடைகளும் அவற்றின் பிழை நீக்கும் வழிமுறையும்

ஸ்கூபா முக்குளிப்பில் நீருக்குள் உடல் நிற்கும் நிலையை டிரிம் என்கிறோம்; உடல் கிடைமட்டமாக நிற்காவிட்டால் அதன் விலை சிலிண்டர் காற்றில் கொடுக்கப்படுகிறது. கால் தாழ்ந்த நிலையில் நீந்துபவர் ஃபினை (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பை) அடிக்கும் ஒவ்வொரு முறையும் தம்மை முன்னே மட்டுமல்லாமல் மேலேயும் தள்ளிக்கொள்கிறார். மேலே போகாமல் இருக்க பி.சி.டி.யிலிருந்து (மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றேற்றும் ஜாக்கெட்டிலிருந்து) காற்றை வெளியேற்றுகிறார், அதனால் எடை மிகுந்தவராகிறார், அடிப்பதை நிறுத்தியதும் அமிழ்கிறார், அமிழும்போது ஃபின் நுனி மணலைக் கிளறுகிறது அல்லது பவளத்தை உடைக்கிறது. இதைச் சரிசெய்ய விற்கப்படும் தனிப் பைகளும் வடிவமைத்த ஈயக் கட்டிகளும் விலை கூடியவை. மீன்வலைக் கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு, பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் டியூப், பை தைப்பவரின் கையுழைப்பு ஆகிய மூன்றையும் கொண்டு அதே வேலையை முடிக்கலாம்.

இங்கே சொல்பவை புதுச்சேரி, அந்தமானின் ஸ்வராஜ் தீவு, திருகோணமலை போன்ற வெதுவெதுப்பான கடல்களில் வாடகைக்குத் தரப்படும் வழக்கமான கருவித் தொகுப்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 3 மி.மீ. வெட் சூட் (நுண்குமிழிகள் நிறைந்த ரப்பர் உடை), ஜாக்கெட் வகை பி.சி.டி., இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த வெயிட் பெல்ட். டிரிம் எடை என்பது ஏற்கெனவே சுமக்கும் எடையில் ஒரு பகுதியை இடம் மாற்றுவது; கூடுதலாக ஏற்றிக்கொள்வது அல்ல. தோள் பக்கம் ஒரு கிலோ வைத்தால் பெல்ட்டிலிருந்து ஒரு கிலோ இறங்க வேண்டும். இந்த ஒன்றை மறந்தால் கீழே உள்ள எந்தத் தீர்வும் புதிய கோளாறாக மாறிவிடும்.

எந்த அறிகுறி என்றே தெரியவில்லை

முதலில் மொத்த எடை சரியா என்று பாருங்கள். முக்குளிப்பின் முடிவில் சிலிண்டரில் 50 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் காற்று இருக்கும்போது, 5 மீட்டர் ஆழத்தில் பி.சி.டி.யை ஏறத்தாழ காலியாக்கிவிட்டு, இயல்பாக மூச்சு விட்டபடி ஒரே ஆழத்தில் நிற்க முடிந்தால் மொத்த எடை சரி. அப்போதும் பி.சி.டி.யில் கணிசமான காற்று தேவைப்பட்டால் எடை அதிகம். அதிக எடையோடு டிரிம் பார்ப்பது வீண்வேலை. இடுப்பு ஈயம் கீழே இழுக்க, அதைச் சமன்செய்ய ஏற்றிய காற்று ஜாக்கெட்டின் தோள் பகுதிக்கு ஏறி மேலே இழுக்க, இரண்டும் சேர்ந்து உடலை நிமிர்த்திவிடும். கால் தாழ்வதாகச் சொல்பவர்களில் பலருக்கு மருந்து ஈயத்தைக் குறைப்பதுதான்.

எடை சரியானபின், மணல் தரைக்கு ஒரு மீட்டர் மேலே நின்று, கைகளை முன்னே மடித்து, முழங்காலை மடக்கி, ஃபின்னை அசைக்காமல், மூச்சை அடக்காமல் அரை நிமிடம் இருங்கள். உடன் வருபவர் பக்கவாட்டிலிருந்து படம் பிடிக்கட்டும். உடல் எந்தப் பக்கம் சுழல்கிறதோ அதுவே அறிகுறி. நீந்திக்கொண்டே பார்த்தால் ஃபின் அடிப்பது கோளாறை மறைத்துவிடும். நீச்சல் குளத்தில் கண்ட அமைப்பைக் கடலுக்கு அப்படியே கொண்டுபோகவும் முடியாது. கருவிகளோடு சேர்த்து 100 கிலோ உள்ள ஒருவருக்கு நன்னீரிலிருந்து கடல்நீருக்கு மாறும்போது சுமார் 2.5 கிலோ எடை கூடுதலாக வேண்டியிருக்கும், அந்த 2.5 கிலோவை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து டிரிம்மும் மாறும்.

கால் தாழ்கிறது, உடல் நிமிர்ந்து நிற்கப் பார்க்கிறது

எல்லாவற்றிலும் அதிகம் காணப்படும் கோளாறு இது. ஈயத்தைத் தொடுவதற்கு முன் செலவில்லாத மூன்றைச் சரிபார்க்க வேண்டும். முழங்காலை மடக்குகிறீர்களா? தலையை நிமிர்த்தி முன்னே பார்க்கிறீர்களா, அல்லது கால் பக்கம் எட்டிப் பார்த்து இடுப்பை மடிக்கிறீர்களா? ஃபின் கனமான ரப்பர் வகையா?

மூன்றாவது கேள்வியைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. சுழற்றும் விசை, எடையையும் இடுப்பிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கிவரும் அளவாகும். நீருக்குள் ஒரு கிலோ இழுக்கும் கனத்த ஃபின் சோடி இடுப்பிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருந்தால் அது 90 அலகு சுழற்சியைத் தருகிறது. முழங்காலை மடக்கியதும் தூரம் 50 செ.மீ. அளவுக்குக் குறைந்து, சுழற்சியும் 50 அலகாகிவிடுகிறது. பெல்ட்டில் இருக்கும் ஒரு கிலோ ஈயத்தை 35 செ.மீ. மேலே, சிலிண்டரை இறுக்கும் பட்டையான கேம் பேண்டுக்கு மாற்றினால், நீருக்குள் அது 910 கிராம்தான் இழுக்கும் என்பதால், கிடைப்பது சுமார் 32 அலகு மட்டுமே. ஆகவே காலை மடக்குவதும், ஒரு முறை நண்பரின் இலகுவான ஃபின்னை வாங்கிப் போட்டுப் பார்ப்பதும் ஒரு கிலோ ஈயத்தை விடப் பெரிய வேலையைச் செய்யக்கூடும்.

சிலிண்டரை மேலே ஏற்றிக் கட்டுங்கள் என்ற அறிவுரையை எங்கும் கேட்கலாம். எஃகு சிலிண்டருக்கு அது பொருந்தும். அலுமினிய சிலிண்டர் நிலத்தில் எவ்வளவு கனமாக இருந்தாலும், நிறைந்த நிலையில் கடல்நீருக்குள் ஏறக்குறைய 0.6 கிலோதான் கீழே இழுக்கிறது. அதை 5 செ.மீ. நகர்த்தினால் கிடைப்பது 3 அலகு. வால்வையும் அதில் பொருத்தும் ரெகுலேட்டரையும் (மூச்சுக்குக் காற்றைத் தரும் கருவியையும்) சேர்த்துக் கணக்கிட்டாலும் பெரிய மாற்றம் வராது. தலையை நிமிர்த்தும்போது பின்மண்டை ரெகுலேட்டரில் இடிப்பதுதான் மிச்சம்.

இவற்றுக்குப் பிறகும் கால் தாழ்ந்தால்தான் எடையை இடம் மாற்ற வேண்டும். மிக மலிவான வழிக்குத் தையல்கூடத் தேவையில்லை. பெல்ட்டில் கோக்கும் சாதாரண ஒரு கிலோ ஈயக் கட்டி ஒன்றைக் கழற்றி, சிலிண்டரை இறுக்கும் மேல் கேம் பேண்டில் கோத்துவிடலாம். இரண்டும் பொதுவாக 5 செ.மீ. அகலப் பட்டைகள் என்பதால் துளை பொருந்தும். ஒரே கட்டியாக ஒரு பக்கம் வைக்காமல், அரைக் கிலோ வீதம் இரு பக்கமும் வைப்பது நல்லது. கட்டி சிலிண்டருக்கும் பட்டைக்கும் நடுவே சிக்கினால் பட்டை முழுவதும் படியாமல் சிலிண்டர் நழுவும். ஆகவே பட்டை சிலிண்டரை விட்டு விலகி பி.சி.டி.யின் முதுகுத் தகடு நோக்கித் திரும்பும் இடைவெளியில் கட்டி அமர வேண்டும். பட்டையை நனைத்து, இறுக்கி, வால்வைப் பிடித்துத் தூக்கி உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதியானபின்தான் நீரில் இறங்க வேண்டும்.

இதற்கு மேல் நேர்த்தி வேண்டுபவர் பை தைத்துக்கொள்ளலாம். பள்ளிப் பைக்குப் பயன்படும் தடித்த நைலான் துணியை இரட்டை மடிப்பாக எடுத்து, உள் அளவு 8 செ.மீ. அகலமும் 12 செ.மீ. நீளமும் வருமாறு தைத்தால், ஒரு கிலோ சிறு ஈயக்குண்டு தளர்வாக அடங்கும். குண்டுகளுக்கு இடையிலான இடைவெளியோடு சேர்த்தே அது சுமார் 140 மி.லி. இடம்தான் பிடிக்கும். நூல் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும். பருத்தி நூல் உப்புநீரில் ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்டு இற்றுவிடும். வாயை மூடும் முன், ஒரு சிறு ஐலெட் வளையத்தை அடிமூலையில் அடித்துவிடுங்கள். நீர் உள்ளே போவதற்கும் வெளியே வடிவதற்கும் அந்த ஓட்டை வேண்டும். குண்டு அதைவிடப் பெரியதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேம் பேண்டு நுழையும் பட்டையைப் பையின் முதுகில் சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்குமாக இன்னொரு தையல் போட்டு வாங்குங்கள். தோல் பையும் பயணப் பையும் தைக்கும் கடைக்காரர்களிடம் அதற்கேற்ற ஊசியும் பழக்கமும் இருக்கின்றன. வீட்டுத் தையல் இயந்திரத்தில் ஊசி முறியும்.

கால் மேலே எழுகிறது, தலை கவிழ்கிறது

மிதக்கும் ஃபின், தடித்த காலணி, கால் பகுதியில் தடித்த வெட் சூட் ஆகியவை வழக்கமான காரணங்கள். தோள் பக்கம் அளவுக்கு மீறி எடை வைத்ததாலும் இது வரும். அப்படியானால் வைத்ததில் பாதியைப் பெல்ட்டுக்குத் திருப்பினால் போதும். பெல்ட்டையே இடுப்பெலும்புக்குக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைதான்.

கணுக்கால் எடை என் விருப்பத்தில் கடைசி வழி. அந்த எடையை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி இறக்க வேண்டியிருக்கிறது என்பதால் தொடையும் மூச்சும் களைக்கின்றன. சிலிண்டரின் கீழ்ப் பகுதியில் இன்னொரு பட்டையைக் கட்டி அங்கே அரைக் கிலோ வைக்க முடியுமானால் அதை முதலில் முயலுங்கள். அது போதாதவருக்குச் சைக்கிள் டியூப் கைகொடுக்கும். ஓட்டை விழுந்த டியூபில் ஒரு சாண் துண்டை வெட்டி, கழுவி, ஒரு முனையை மடித்து இரண்டு நைலான் கட்டுகளால் இறுக்கி, கால் கிலோ ஈயக்குண்டை நிரப்பி, மறு முனையையும் அவ்வாறே கட்டினால் எடை தயார். நடுவில் ஒரு ஊசித்துளை போடுங்கள். இல்லாவிட்டால் குண்டுகளுக்கிடையே அடைபட்ட காற்று எடையின் ஒரு பகுதியைத் தின்பதோடு, ஆழத்தில் டியூப் சுருங்கவும் செய்யும். இதை அகன்ற வெல்க்ரோ பட்டைக்குள் செருகி, வெல்க்ரோவை மட்டும் நம்பாமல் ஒரு பிளாஸ்டிக் கொக்கியையும் சேர்த்துக் கணுக்காலில் கட்ட வேண்டும். ஒரு காலிலிருந்து எடை நடுக்கடலில் கழன்றால் கால் கோணுவதோடு உடலும் மேலே கிளம்பும்.

உடல் ஒரு பக்கம் சரிகிறது

ஒரு பக்கம் கேமரா, மறு பக்கம் ஒன்றுமில்லை. அல்லது சிலிண்டர் நடுவில் இல்லாமல் சாய்ந்து கட்டப்பட்டிருக்கிறது. அல்லது பெல்ட்டில் கட்டிகள் வழுக்கி ஒரு பக்கம் சேர்ந்துவிட்டன. மூன்றாவது காரணத்துக்குச் செலவில்லாத தீர்வு உண்டு: கட்டியைக் கோக்கும்போது இரு துளைகளுக்கும் நடுவில் பட்டைக்கு ஒரு முறுக்குக் கொடுத்தால் கட்டி நகராது. டியூபிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகல ரப்பர் வளையத்தைக் கட்டியின் இருபுறமும் பட்டையில் ஏற்றினாலும் நிற்கும்.

தொடக்கத்தில் சரி, முடிவில் மிதக்கிறது

இது அலுமினிய சிலிண்டரின் இயல்பு. உள்ளே இருக்கும் காற்றுக்கே சுமார் 2.6 கிலோ எடை உண்டு. முற்றிலும் காலியானால் சிலிண்டர் சுமார் 2 கிலோ மேலே இழுக்கும். 50 பாரில் அது 1.3 கிலோ அளவில் இருக்கும். வால்வும் ரெகுலேட்டரும் கழுத்துப் பக்கத்தைக் கீழே பிடித்துக்கொள்வதால் மிதப்பு அடிப்பக்கத்தில்தான் தெரியும். இரண்டு சிலிண்டர்களைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு முக்குளிப்பவர்கள் அடிப்பகுதி வால்போல் எழுவதைக் கண்ணாலேயே காண்கிறார்கள். ஆகவே டிரிம்மைத் தொடக்கத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறைந்த சிலிண்டரில் கால் சற்றே தாழ்வாகவும் 50 பாரில் கிடைமட்டமாகவும் வருமாறு அமைப்பதே சரி, ஏனெனில் பாதுகாப்பு நிறுத்தத்தில் (மேலே வரும் வழியில் 5 மீட்டர் அளவில் சிறிது நேரம் காத்திருக்கும்போது) அசையாமல் நிற்க வேண்டியது அப்போதுதான். இதற்காகச் சிலிண்டரில் துளையிடுவது, எதையும் பற்றவைப்பது, ஒட்டுவது ஆகிய எதையும் செய்யக் கூடாது. உயர் அழுத்தக் கலத்தின் சுவரில் கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

மேலே சரி, ஆழத்தில் கால் தாழ்கிறது

10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, வெட் சூட்டின் குமிழிகள் ஏறக்குறைய பாதியாகச் சுருங்குகின்றன. 30 மீட்டரில் கால் பங்காகின்றன. காலைத் தூக்கிப் பிடித்த துணியின் மிதப்பு போய்விடுகிறது, ஈடாக ஏற்றிய காற்று தோளில் சேர்கிறது. ஈயத்தால் இதைச் சரிசெய்ய முடியாது. கிடைமட்டமாக இருந்தபடியே சிறிது சிறிதாகக் காற்றேற்றி, அது ஜாக்கெட்டின் கீழ்ப்பகுதிக்கும் பரவ விடுங்கள்.

சொன்ன அளவு எடை வைத்தும் பலன் தெரியவில்லை

பையில் என்ன நிரப்பினீர்கள் என்பதைப் பாருங்கள். நீரில் அமிழ்ந்ததும் பொருள் தன் கனஅளவுக்கான மிதப்பை இழுத்துக்கொள்கிறது. ஒரு கிலோ ஈயம் கடல்நீரில் 910 கிராம் நிற்கும்; இரும்பு 870; மணலோ கருங்கல் சல்லியோ 610 அளவில்; கான்கிரீட் அதற்கும் குறைவு. 900 கிராம் இழுப்பு வேண்டுமென்றால் ஒன்றரைக் கிலோ மணல் தேவை, அதுவும் ஈயக்குண்டைப் போல ஆறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகவே மணற்பை அவசரத்துக்குச் சோதித்துப் பார்க்க உதவுமே தவிர நிலையான தீர்வாகாது. இரும்பு வாஷர்களைக் கம்பியில் கோத்துப் பயன்படுத்தலாம், துருவின் கறை பி.சி.டி.யில் படியும். பழைய டயர் பேலன்ஸ் எடைகளில் இரும்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். காந்தம் இரும்பைக் காட்டிக்கொடுக்கும், துத்தநாகத்தைக் காட்டாது.

சந்தேகம் இருந்தால் பெட்டி நிறுக்கும் தொங்கு தராசை எடுத்து, பையை அதில் மாட்டி, உப்புநீர் வாளியில் அடியைத் தொடாமல் முழுவதும் அமிழ்த்தி, குமிழிகள் நின்றபின் எண்ணைப் படியுங்கள். நீருக்கடியில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த எண்தான். ஃபின், காலணி, டார்ச் என்று எல்லாவற்றையும் இப்படி நிறுத்துக் குறித்துவைத்தால் பாதி ஊகம் குறைந்துவிடும்.

பையிலிருந்து சாம்பல் நீர் வடிகிறது, சிலிண்டரில் பெயின்ட் கொப்பளிக்கிறது

குண்டுகள் உராய்ந்து ஈயத்தூள் உதிர்கிறது. ஈயம் நச்சு, குழந்தைகளுக்கு மிகவும் கேடு. குண்டுகளைப் பழைய டியூபிலோ தடித்த பிளாஸ்டிக் உறையிலோ இறுக்கமாக அடக்கி, அந்த உறையைப் பைக்குள் வையுங்கள். தொட்டபின் சோப்பால் கை கழுவுங்கள், சமையலறை வாளியையும் குடிநீர்ப் பாத்திரத்தையும் இந்த வேலைக்கு எடுக்காதீர்கள். பெயின்ட் கொப்பளிப்பது, அலுமினியமும் வேறொரு உலோகமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருப்பதால் வரும் அரிப்பின் அடையாளமாக இருக்கலாம். இடையில் டியூப் ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் எடையைக் கழற்றி நன்னீரில் அலசி உலர்த்தினால் அது பெரும்பாலும் நின்றுவிடும். கொப்பளித்த இடத்தைச் சிலிண்டர் பரிசோதகரிடம் காட்டியபின்தான் மறுபடி காற்று நிரப்ப வேண்டும்.

ஈயத்தை வீட்டில் உருக்கி வார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாக வெடித்து உருகிய ஈயத்தை முகத்தில் வீசும். பழைய பேட்டரித் தகடுகளை உருக்குவது இதைவிடக் கொடியது, அவற்றில் அமிலமும் ஆன்டிமனி போன்ற பிற நச்சுகளும் இருக்கின்றன. ஆயத்தமாக ஈயக்குண்டு கிடைக்கும்போது இந்த அபாயத்துக்கு எந்த நியாயமும் இல்லை.

நீர்மட்டத்தில் மல்லாத்துகிறது அல்லது முகம் கவிழ்கிறது

சிலிண்டரின் வெளிப்புறத்தில், முதுகிலிருந்து தொலைவில் கட்டிய எடை உடலை ஆமையைப்போல் மல்லாத்திவிடும். அதைச் சிலிண்டரின் பக்கவாட்டுக்கோ, முதுகுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான பள்ளத்துக்கோ நகர்த்துங்கள். நீர்மட்டத்தில் காற்றேற்றிய பி.சி.டி. முகத்தை முன்னே தள்ளினால் எடை வயிற்றுப் பக்கம் மிகுந்திருக்கிறது என்று பொருள். பெல்ட் கட்டிகளை விலாவுக்குப் பின்னே தள்ளினால் போதும்.

அவசரத்தில் கழற்றியும் மிதக்கவில்லை

இந்த அறிகுறியைக் கடலில் முதன்முறையாகச் சந்திக்கக் கூடாது, கரையோரத்திலேயே தேடிப் பிடிக்க வேண்டும். கேம் பேண்டில் கோத்த எடையையும் கணுக்கால் எடையையும் ஒரு கையால் நொடியில் விடுவிக்க முடியாது. எல்லா எடையையும் அங்கே மாற்றிவிட்டால், பி.சி.டி. கிழிந்த நிலையில் நீர்மட்டத்தில் நிற்க வழியிருக்காது. கால் தரையில் எட்டும் ஆழத்தில், பயிற்சியாளரோ அனுபவமுள்ள இணையரோ அருகிலிருக்க, பி.சி.டி.யை முழுவதும் காலியாக்கி, நிறைந்த சிலிண்டரோடு, பெல்ட்டை மட்டும் கழற்றிப் பாருங்கள். மூச்சு இயல்பாக இருக்க, ஃபின் அடிக்காமல் தலை நீருக்கு மேல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் நிலையாகக் கட்டிய எடையில் அரைக் கிலோவைப் பெல்ட்டுக்கு மாற்றி மறுபடி சோதியுங்கள். டிரிம் கொஞ்சம் கெட்டாலும் அந்த அரைக் கிலோ பெல்ட்டிலேயே இருக்கட்டும்.